ஓவியாவுக்கு இரண்டு பங்கு

ஜூன் 11

ரத்தத்தில் ஈயமாம். ஓவியாவுக்கு நாற்பத்தொன்று, இலக்கியாவுக்குப் பதினொன்று. மார்க்காக இருந்திருந்தால் ஓவியாவைத் தூக்கிக் கொஞ்சியிருப்பேன்.

போன வாரம் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து எல்லாப் பிள்ளைகளிடமும் ரத்தம் எடுத்துப் போனார்கள். ஒட்டம்பாறையில் ஈயப் பட்டறை இருக்கிறது, அதனால் இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்றார்கள். இன்று ஜீப் நேரே எங்கள் வாசலில் வந்து நின்றது. துண்டுக்குக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்த நான் நூலும் கையுமாக எழுந்து போனேன். இறங்கியவள் ஒரு டாக்டர். பெயர் ரெஹானா. என்னைவிட வயதில் இளையவள்தான், ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையம் எனக்கு இருப்பதுபோலவே இருந்தது.

"மிஷின் தப்பாக் காட்டியிருக்குமுங்க. ரெண்டும் ஒரே வயித்துல ஒண்ணாப் பொறந்ததுக. ஒரே தட்டுல திங்குதுக. ஒண்ணுக்கு மட்டும் எப்படீங்க அத்தன?" என்றேன்.

"அதுதான் எனக்கும் புரியலை சுகந்தி. அதனாலதான் வீட்டுக்கே வந்தேன்."

"எவ்வளவு இருக்கலாமுங்க?"

"இருக்கவே கூடாது."

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். வீட்டுக்காரருக்கு என்ன வேலை? பட்டறையில் பழைய பேட்டரியை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகட்டை உருவி, உலையில் போட்டு உருக்குகிற வேலை. ஏழு வருடமாகப் போகிறார். தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள், சுவருக்கு என்ன சுண்ணாம்பு, குங்குமம் எங்கே வாங்கியது, பிள்ளைகள் மண் தின்னுமா, கடையில் என்ன வாங்கித் தின்னும். கடைப் பண்டமே இந்த வீட்டுக்குள் வராது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். இனிமேல் அவர் பட்டறையிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வர வேண்டும், வேலைச் சட்டை வாசல் தாண்டி உள்ளே வரக் கூடாது என்றாள்.

போகும்போது இரண்டு டப்பாக்களைக் கொடுத்தாள். நாளைக் காலையில் பிள்ளைகள் வெளிக்குப் போவதில் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்கத் தெம்பு இல்லை. நல்லவேளை, பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா அந்த நேரத்தில் ரேஷன் கடையில் இருந்தாள்.

பொழுதோடு அவர் வந்தார். பிள்ளைகள் எப்போதும்போல வேப்பமரம் வரை ஓடி, ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தன. பட்டறையில் வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் ஓர் அச்சு வெல்லமும் கொடுப்பார்கள். உள்ளே போன ஈயத்தை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று முதலாளியின் அப்பா காலத்திலிருந்து வருகிற பழக்கம். இவர் ஒரு நாளும் அதைத் தின்றதில்லை. வெல்லம் சட்டைப் பையில் வரும், பழம் துண்டில் சுருட்டி வரும். இரண்டையும் சரிபாதியாக உடைத்து இருவருக்கும் ஊட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். இவர்மேல் எனக்கு எத்தனையோ கோபம் உண்டு. அந்தச் சட்டைப் பையை நினைத்தால் பாதிக் கோபம் போய்விடும்.

ஈயம் விஷயத்தைச் சொன்னேன். "குளிச்சுட்டு வரோணும், அவ்வளவுதான? வந்துட்டாப் போச்சு" என்று படுத்துவிட்டார்.

ஜூன் 12

இலக்கியா ஆறு மணிக்கே டப்பாவைக் கொடுத்துவிட்டாள். ஓவியா கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். "டாக்டரு அத வெச்சு என்ன பண்ணுவாங்க? எல்லாருத்துகிட்டயும் காட்டுவாங்களா?" 

ஜூன் 13

ஓவியாவும் கொடுத்துவிட்டாள். வீட்டில் பொங்கல் மாதிரி சந்தோஷம். என் பிழைப்பு இப்படி ஆகிவிட்டது.

ஜூன் 27

டாக்டர் ரெஹானா மறுபடி வந்தாள். போன தடவை எடுத்துப் போன தண்ணீரில் ஒன்றும் இல்லை. குங்குமம், மஞ்சள்தூள், சுவர் எதிலும் ஒன்றும் இல்லை. வாசல் மண்ணில் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் நாற்பத்தொன்று ஏறும் அளவுக்கு இல்லை.

பிறகு டப்பாவில் கொடுத்ததைச் சோதித்ததில் என்ன தெரிந்தது என்று சொன்னாள்.

"வயித்துக்குள்ள கோடிக்கணக்குல நுண்ணுயிர் இருக்கும்மா. கிருமின்னாலே கெட்டதுன்னு நினைக்காதீங்க. அதுங்க நம்ம சாப்பாட்டுல பங்கு வாங்கிக்கிட்டு நமக்கு வேலையும் செய்யும். உள்ள வர்ற ஈயத்துல ஒரு பகுதியைப் பிடிச்சு வெச்சு, ரத்தத்துல சேர விடாம மலத்தோட வெளிய தள்ளும். இலக்கியா வயித்துல அந்தக் கூட்டம் நல்லா இருக்கு. ஓவியா வயித்துல பல வகை இல்லவே இல்லை."

"எங்க போச்சுங்க?"

"இவளுக்குப் போன வருஷம் டைபாய்டு வந்துச்சுன்னு சொன்னீங்கல்ல?"

வந்தது. ஐப்பசியில், ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டு, கையில் ஊசி குத்த இடம் இல்லாமல் காலில் குத்தினார்கள். அதற்குப் பிறகு அவள் தும்மினாலும் எனக்கு ஈரக்குலை நடுங்கும். ஓடிப்போய் மெடிக்கலில் "பாப்பாவுக்கு ஒரு செட்டு குடுங்க" என்று வாங்கி வந்துவிடுவேன். காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, ஓர் ஆன்டிபயாடிக், மூன்றும் ஒரே கவரில். இலக்கியா இருமினால் மிளகு ரசம். ஓவியா இருமினால் செட்டு.

"ஆன்டிபயாடிக் நல்ல கிருமியையும் சேர்த்துக் கொன்னுடும். ஆனா டைபாய்டுக்குக் குடுத்தது தப்பில்லை. அது இல்லைன்னா பிள்ளையே இருந்திருக்க மாட்டா" என்றாள். மீதியை அவள் சொல்லவில்லை. நல்ல பெண்.

கடைசியாக, இதெல்லாம் எலியில் நன்றாகப் பார்த்தது, மனிதர்களிடம் இப்போதுதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அடித்துச் சொல்ல முடியாது என்றாள். ஓவியாவுக்கு ரத்தம் வேறு குறைவு. இரும்புச் சத்து இல்லாத உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக இழுக்குமாம். தயிர், கீரை, பழம், கேழ்வரகு கொடுக்கச் சொன்னாள். "ஆனா வர்ற வழியை அடைக்காம எதைக் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. எங்கிருந்து வருதுன்னு யோசிச்சுக்கிட்டே இருங்க" என்றாள்.

யோசிக்கிறேன். இரவு சமையல், ஐந்து டஜன் துண்டு, இரண்டு யூனிபார்ம். அதற்கு நடுவில் யோசிக்கிறேன்.

ஜூன் 28

முடிவு செய்துவிட்டேன். இனிமேல் இந்த வீட்டில் சரிபாதி கிடையாது. அவர் கொண்டு வரும் பழம் முழுதும் ஓவியாவுக்கு, வயிற்றுக்குள் இருக்கும் நல்ல கிருமிக்குத் தீனி. வெல்லமும் முழுதும் ஓவியாவுக்கு, இரும்புச் சத்து. நான் மாசமாக இருந்தபோது நர்சம்மா தினமும் வெல்லம் தின்னச் சொன்னது நினைவிருக்கிறது.

இலக்கியா வேப்பமரத்தடியில் உருண்டு அழுதாள். "அவளுக்கு சீக்கு. உனக்கு என்ன கேடு?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். அவர் பாவம், உடைத்த வெல்லத்தை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு இரண்டு துண்டையும் ஓவியா வாயில் வைத்தார்.

ஜூலை 10

சொன்ன பேச்சைக் கேட்கிறார். பட்டறைக் குழாயிலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, தலை ஈரமாக வருகிறார். வெல்லம் சட்டைப் பையிலிருந்து தூக்குப்போசிக்கு மாறிவிட்டது. மதியச் சோறு கொண்டுபோகிற போசியைத் திறந்தால் அடியில் பழமும் வெல்லமும் இருக்கும்.

இன்று காலையில் காப்பி டம்ளரைக் கீழே போட்டார். இந்த வாரத்தில் மூன்றாவது. "கை என்ன வாடகைக்கு எடுத்ததா?" என்றேன். சிரித்தார். சட்டைப் பொத்தானை என்னைப் போடச் சொன்னார். கல்யாணம் ஆன புதிதில்கூடக் கேட்காத மனிதர், இப்போது என்ன செல்லமோ.

ஜூலை 13

தயிர் என்றாலே ஓவியா ஓடுகிறாள். மூக்கைப் பிடித்து ஊட்டினேன். என் சேலையிலேயே கக்கினாள்.

ஜூலை 22

கஸ்தூரி அக்கா வந்தாள். அவள் வீட்டுக்காரரும் பட்டறையில்தான். வாசலிலேயே நின்று பேசினாள்.

"ஏன் சுகந்தி, உங்கூட்டுக்கு ஜீப்பு வந்துட்டுப் போறது மொதலாளி காதுக்குப் போயிருச்சு. பட்டறை ஆளுக ஆராச்சும் அந்த டாக்டருக்கு ரத்தம் குடுத்தா, அடுத்த நாளு வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிப் போட்டாராமா. பட்டறைய மூடுனா நாமெல்லாம் எங்க போறது, சொல்லு?"

"நாங்க புள்ளைக்குத்தான பாக்கறமுங்க்கா."

"புள்ளைக்குப் பாரு, வேண்டாங்கல. உன்ற ஊட்டுக்காரரை மட்டும் மாட்டி உட்றாத."

டாக்டர் இவர் ரத்தத்தையும் இரண்டு முறை கேட்டாள். இவர் முடியாது என்றுவிட்டார். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத இந்தக் கையை வைத்துக்கொண்டு வேறு எந்த வேலைக்குப் போவார்? வயிற்றுவலி என்று இன்றும் சோறு வேண்டாம் என்றார். மூன்று நாளாக வெளிக்கும் போகவில்லை. உலைச் சூட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் என்கிறார்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. வாய்க்காலுக்குப் போய் முளைப்பாரி விட்டோம். கலந்த சோறு மூன்று வகை கட்டிக்கொண்டு போனேன். ஓவியா எதையும் தொடவில்லை. வெயிலில் கல்மேல் படுத்துத் தூங்கிவிட்டாள். பட்டறைக்கும் இன்று லீவு, வெல்லம் இல்லை. எழுந்ததும் அவள் கேட்டது அதைத்தான்.

ஆகஸ்ட் 21

டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். ஓவியா வகுப்பில் தூங்குகிறாளாம், போன வருடம் தெரிந்த எழுத்தெல்லாம் மறக்கிறாளாம். "வீட்டுல சரியா சாப்பாடு குடுக்குறீங்களா?" என்று கேட்டார். அந்த டீச்சரைக் கடித்து வைத்திருப்பேன். முருங்கைக்கீரை உருவி உருவி என் விரல் பச்சையாகிவிட்டது. தயிர், பழம், கேழ்வரகுக் களி, வெல்லம். மருமகனுக்குக்கூட யாரும் இப்படிப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும் மனதுக்கு என்னவோபோல இருக்கிறது. இன்று ஓவியா தன் வெல்லத்தில் பாதியைப் பாவாடையில் மறைத்துக்கொண்டு போய் இலக்கியாவிடம் நீட்டினாள். இலக்கியா கையைத் தட்டிவிட்டாள். "எனக்கு வேண்டாம் போ. நீதான் சீக்காளி. நீயே தின்னு." ஆறு வயதில் இத்தனை ரோசம். என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

செப்டம்பர் 9

மறுபடி ரத்தம் பார்த்தார்கள். ஓவியாவுக்கு ஐம்பத்திரண்டு. இலக்கியாவுக்கு ஆறு.

டாக்டர் ரெஹானா காகிதத்தைக் கீழே வைத்தாள். நான்தான் கத்தினேன். "நீங்க சொன்னதெல்லாம் செஞ்சனுங்க! தயிரு குடுக்கச் சொன்னீங்க, குடுத்தேன். கீரை குடுக்கச் சொன்னீங்க, குடுத்தேன். கிருமி வளரும்னீங்களே, எங்கீங்க வளந்துச்சு?"

"வளரத்தான் செய்யும், மெதுவா. ஆனா நான் இப்ப அதைப் பத்தி யோசிக்கலை. வீட்டுல இருந்து, மண்ணுல இருந்து வந்தா ரெண்டு பேருக்கும் ஏறணும். ஒருத்திக்கு இறங்கியிருக்கு. இன்னொருத்திக்கு ஏறியிருக்கு. ஜூன் மாசத்துக்கு அப்பறம் இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன மாத்துனீங்க சுகந்தி? இவளுக்கு மட்டும் குடுத்து, அவளுக்கு நிறுத்துனது ஏதாவது இருக்கா?"

தயிர் என்றேன். அதை இருவருக்கும்தான் கொடுத்தேன். கீரை, அதுவும் இருவருக்கும்தான். களி, இருவருக்கும்.

அப்புறம் வேப்பமரத்தடி நினைவுக்கு வந்தது. அவள் என்னென்னவோ கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

செப்டம்பர் 10

ஓவியாவை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. இலக்கியா கஸ்தூரி அக்கா வீட்டில். பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 11

சாயங்காலம் அவர் பட்டறையிலிருந்து நேரே பஸ் பிடித்து வந்தார். தலை ஈரம், துவைத்த சட்டை, கையில் தூக்குப்போசி. திறந்தால் பழம், வெல்லம். ஓவியா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"இருங்க" என்று பிடுங்கிக்கொண்டேன். "டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டுக் குடுக்கலாம்."

பிறகு அவரிடம் கேட்டேன், சும்மா கேட்பதுபோல. வெல்லத்தை எப்போது கொடுப்பார்கள்? அஞ்சு மணிக்கு, உலை ஓரமாகத் தாம்பாளத்தில் வைத்திருப்பார்கள், வரிசையாகப் போய் எடுத்துக்கொள்வார்களாம். கை கழுவிவிட்டா? "கழுவறதுக்கு எங்க நேரம்? எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கறது. குளிச்சதுக்கப்பறம் போசிக்கு மாத்திக்கறது."

வேலைச் சட்டையின் பை. நாள் முழுக்க அந்தத் தூசியெல்லாம் இறங்கி உட்காருகிற பை. உலைச் சூட்டில் இளகி ஒட்டுகிற வெல்லம்.

வராந்தாவுக்குப் போய் டாக்டரிடம் போசியைக் கொடுத்தேன். கையுறை போட்டுக்கொண்டு, இடுக்கியால் வெல்லத்தை எடுத்து ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு ஒட்டினாள். நான் சொன்னதைக் கேட்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நான் கேட்டிருக்கணும். கடையில என்ன வாங்குறீங்கன்னு கேட்டேன். வீட்டுக்கு என்ன வருதுன்னு கேட்கலை."

நான் ஏன் சொல்லவில்லை? அப்பா கொண்டு வருவதைப் பண்டம் என்று யார் கணக்கில் வைப்பார்கள்?

செப்டம்பர் 15

வெல்லத்தில் ஈயம் இருக்கிறது. எவ்வளவு என்று அவள் சொன்னாள். நான் எழுதப் போவதில்லை.

ஓவியா தின்ற வெல்லம் வேறு யார் வயிற்றுக்குள் போயிருந்தாலும் இவ்வளவு ஏறியிருக்காதாம். இவள் வயிற்றில் தடுக்க ஆள் இல்லை. அந்த வயிற்றில் இரண்டு பங்கை நான் போட்டேன்.

டாக்டர் கேட்டாள், "அவர்கிட்ட நான் சொல்லட்டுமா?" நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 16

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நீங்கள் பசியை அடக்கிக்கொண்டு, உங்கள் பங்கைத் தின்னாமல் கொண்டுவந்து ஊட்டியதுதான் பிள்ளையைப் படுக்க வைத்தது என்றா? அந்த மனிதருக்கு நாளெல்லாம் உலையில் வெந்ததற்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது. அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

"வெல்லம் தின்னா வயித்துல பூச்சி வைக்குதாமுங்க. இனிமேல் கொண்டாராதீங்க. உங்களுக்குத்தான குடுக்கறாங்க, நீங்களே தின்னுங்க" என்று சொன்னேன்.

"செரி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. சுலபமாக முடிந்தது என்று நினைத்தேன்.

செப்டம்பர் 23

ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் கொண்டுபோகும் மாத்திரை கொடுக்கிறார்கள். டப்பாவைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். ஓவியா அதையும் விழுங்குகிறாள். தயிரும் இப்போது கேட்காமலே தின்கிறாள். நேற்று பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பையனுக்கு, "உன் வயித்துக்குள்ள நல்ல கிருமி இருக்குது தெரியுமா? அதுக்கு நீ சோறு போடோணும்" என்று பாடம் எடுத்தாள். நர்சுகள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். சிரித்து எத்தனை நாள் ஆயிற்று.

அவர் தினமும் வருகிறார். வாசல்படியிலேயே நிற்கிறார். கட்டில் பக்கம் வருவதில்லை. ஓவியா கூப்பிட்டால், "பஸ்ஸுல வந்த தூசி கண்ணு, அப்பறம் வாரேன்" என்கிறார். வராந்தாக் குழாயில் கை கழுவுகிறார், மறுபடி கழுவுகிறார். தண்ணீரை வீணாக்குவதாக ஆயாம்மா திட்டினாள்.

பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கும் பட்டறைக்கும் அலைந்தால் யார்தான் இளைக்க மாட்டார்கள்.

அக்டோபர் 3

ஓவியாவுக்கு முப்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது. வீட்டைச் சுத்தம் செய்துவிட்டு அழைத்துப் போகலாம் என்றார்கள். துடைப்பம் போடக் கூடாது, தூசி எழும்பும், ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். அதற்காக ஓவியாவை ஆயாம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இன்று நான் மட்டும் ஊருக்கு வந்தேன். சுவர், பாத்திரம், பெட்டிக்கு அடியில், கதவு மூலை எல்லாம் துடைத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

கஸ்தூரி அக்கா டீ கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு நின்றாள்.

"உன்ற ஊட்டுக்காரருக்கு என்ன ஆச்சு சுகந்தி? முன்னெல்லாம் வெல்லத்தப் பைக்குள்ள போட்டுக்கிட்டு வருவாராமா. இப்ப உலைகிட்டயே நின்னு கழுவாத கையில திங்கறாராமா. அதும் போதாதுன்னு பக்கத்தாளுக பங்கையும் கேட்டு வாங்கித் திங்கறாராமா. எங்கூட்டுக்காரரு கேட்டதுக்கு, 'பூச்சி வைக்கட்டும்'னு சொன்னாராமா. நல்லாத்தான் இருக்கறாரா?"

டீயை அப்படியே கீழே வைத்தேன்.

பொழுதோடு அவர் வந்தார். வாசலில் நிறுத்தியே கேட்டேன்.

"வெல்லத்தத் திங்கறீங்களா?"

"நீதான தின்னச் சொன்ன."

"ஊருல இருக்கறவங்க பங்கையுமா தின்னச் சொன்னேன்?"

சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகப் பார்த்தார். திருக முடியவில்லை. விரல் அதில் நிற்கவில்லை.

"அதுல ஈயமிருக்குதுங்க" என்றேன். சொல்லிவிட்டேன்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கு வராந்தாவுல பாத்தனே. ஒரு அச்சு வெல்லத்தக் கையில தொடாம இடுக்கி போட்டு எடுத்துட்டுப் போறாங்கன்னா, எனக்கு அது கூடவா புரியாது?" அவர் என்னைப் பார்க்கவில்லை. வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பல்லு மொளச்ச நாள்ல இருந்து எங்கையால ஊட்டுனேன் சுகந்தி. அவளுக்கு எறங்குனது எனக்கும் எறங்கட்டும்."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. நான்கு மாதக் கோபமும் சேர்ந்து வந்தது. கையில் இருந்த ஈரத் துணியை அவர்மேல் எறிந்தேன்.

"கொண்டாந்தது நீங்க. ரெண்டு பங்கையும் ஒருத்திக்கே ஊட்டச் சொன்னது நானு. தும்முனாத் தும்முனா செட்டு வாங்கிக் குடுத்து அவ வயித்தக் காலி பண்ணுனதும் நானு. அப்ப நானும் வந்து உங்க பக்கத்துல ஒக்காந்து திங்கோணுமா? சொல்லுங்க, திங்கோணுமா? ஒருத்தியத் தூக்கிட்டு நடக்கறதுக்கே எனக்குத் தெம்பு இல்ல. உங்களையும் அந்தக் கட்டல்ல போட்டுட்டு, நான் ஆருகிட்டப் போயி நிக்கறது?"

அவர் படியில் உட்கார்ந்து, ஈரத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்தேன். மணிக்கட்டுக்குக் கீழே கை துவண்டு தொங்கியது. டம்ளரும் பொத்தானும் பெல்ட்டும் எல்லாம் இத்தனை நாளாக என் கண் முன்னால்தான் இருந்தன. பார்க்கிற தெம்பு எனக்கு இருக்கவில்லை.

இலக்கியா கஸ்தூரி அக்கா வீட்டுத் திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அக்டோபர் 4

காலையில் அவர் பட்டறைக்குப் போகவில்லை. என்னோடு ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏறினார். இலக்கியாவும் வந்தாள்.

டாக்டர் ரெஹானா இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். ஒன்றும் கேட்காமல் ஊசியை எடுத்தாள். நரம்பு கிடைக்கவில்லை, இரண்டு இடத்தில் குத்தினாள். இவர் முகத்தைச் சுளிக்கவில்லை. ரத்தத்தைப் பார்த்து, "செவப்பாத்தான இருக்குது" என்றார், ஏதோ ஏமாந்தவர்போல.

மதியத்துக்குள் பட்டறைக்குச் செய்தி போய்விட்டது. கஸ்தூரி அக்கா வீட்டுக்காரர் போனில் சொன்னார், நாளையிலிருந்து இவர் வர வேண்டாமாம். அடுத்த மாதம் அரிசிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. துண்டுக் கடைக்காரரிடம் இன்னும் பத்து டஜன் கேட்க வேண்டும். வெல்லம் தின்கிற மற்ற ஆட்களுக்கும் சொல்ல வேண்டும். யார் கேட்பார்களோ. கஸ்தூரி அக்காவிடமிருந்து ஆரம்பிக்கலாம்.

டாக்டர் இவர் கையில், பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்ததுபோலவே ஒரு டப்பாவைக் கொடுத்தாள். எதற்கென்று தெரிந்ததும் இவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. டப்பாவைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு வார்டுக்கு வந்தார், வழக்கம்போல வாசல்படியிலேயே நின்றார்.

ஓவியா கட்டிலிலிருந்து இறங்கி ஓடினாள். நான் தடுக்கவில்லை. துண்டுக்குள் கையை விட்டு, அப்பா இன்றைக்கு என்ன கொண்டு வந்திருக்கிறார் என்று துழாவினாள். டப்பாவை வெளியே எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு பெரிய மனுஷித்தனம் வந்துவிட்டது.

"அப்பாக்குமா?" என்றாள். அவர் தலையாட்டினார். அவர் விரலைப் பிடித்துக் கட்டில்வரை இழுத்து வந்து உட்கார வைத்தாள். மூடியைத் திருகித் திறந்து காட்டினாள், மறுபடி மூடிக் காட்டினாள்.

"பயப்படாதீங்கப்பா. கொஞ்சமா எடுத்தாப் போதும். ஆருக்கும் காட்ட மாட்டாங்க. மூடி திருக வரலைன்னா என்னையக் கூப்புடுங்க, நான் திருகித் தாரேன்."